பை இல்லாத முதுகு

நர்ஸ் அவனை மூன்றாவது தடவையாக ஒருக்களித்துப் புரட்டி, வலது இடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். புண் இல்லை, சிவப்பும் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை.

"காலையிலேர்ந்து கை அங்கதானே போகுது? வலி இல்லாம எப்படிப் போகும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவனை நேராகப் படுக்க வைத்தாள்.

படுக்க வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை மறுபடியும் கிளம்பியது. போர்வைக்குள் ஊர்ந்து, இடுப்பைத் தாண்டிப் பின்பக்கம் போய், அங்கே எதையோ தேடித் துழாவியது. அகப்படவில்லை. திரும்பி வந்து வயிற்றின் மேல் களைத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் புறப்பட்டது.

கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த அவன் அக்காவுக்கு முதல் தடவையே விஷயம் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அது வலி இல்லம்மா," என்றாள் கடைசியில். "கைப்பிடி தேடறான்."

"என்ன கைப்பிடி?"

"பாராசூட் கைப்பிடி. அங்கதான் இருக்கும். பிடிச்சு இழுத்துக் காத்துல வீசணும். வீசினாத்தான் விரியும்."

நர்ஸ் படுத்திருந்தவனைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். இரண்டு பேரில் யாருக்கு மருந்தைக் கூட்டுவது என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்து நாலு நாள்தான் ஆகிறது. எலும்பும் தோலுமாகக் கிடக்கிற இந்த ஐம்பத்துமூன்று வயது மனிதனைப் பார்த்தால், வாழ்நாள் முழுக்க ஒரு மேஜை முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தவன் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுவும் பொய்யில்லை. வாரத்தில் ஐந்து நாள் அவன் ஊராருக்குப் பல்செட் செய்து கொடுத்தான். மெழுகை உருக்கி, அச்சு எடுத்து, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுத் தேய்க்கிற வேலை. மீதி இரண்டு நாள் விமானத்திலிருந்து குதித்தான்.

சும்மா குதிக்கிறதும் இல்லை. கைக்கும் விலாவுக்கும் நடுவே, காலுக்கும் காலுக்கும் நடுவே துணி வைத்துத் தைத்த உடை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குதிப்பான். காற்று அந்தத் துணியில் நிரம்பினதும் உடம்பே இறக்கையாகிவிடும். கல் மாதிரி விழாமல் முன்னால் வழுக்கிக்கொண்டே போவான். ஓர் அடி இறங்குவதற்குள் இரண்டரை அடி முன்னால் போயிருப்பான். அதனால் மைதானத்தில் அவனுக்கு வவ்வால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வங்கியும் ஆஸ்பத்திரியும் மட்டும்தான் கூப்பிட்டன.

'இவன் ஒருநாள் மேலேர்ந்து விழுந்துதான் சாவான்' என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் வவ்வால் விழவில்லை. முப்பது வருஷம், இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை, விழாமல் இறங்கினான். கடைசியில் கணையத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று வந்து, எட்டே மாதத்தில் ஆளைக் கட்டிலோடு கட்டிலாக்கிவிட்டது. சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தாங்கள் சொன்னதைச் சௌகரியமாக மறந்துவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டாயிரம் தடவையும் அவன் முதுகில் இருந்தது அக்கா மடித்த பை. மைதானத்தை ஒட்டின தகரக் கூரைக் கூடத்தில் பாராசூட் மடிப்பதுதான் அவள் தொழில். நீள மேஜையில் துணியை விரித்து, கயிறுகளைத் தலை வாருகிற மாதிரி சிக்கெடுத்து, மடிப்பு மேல் மடிப்பாக அடுக்கி, உள்ளே இருக்கிற காற்றை முழங்காலால் அழுத்தி வெளியேற்றி, பைக்குள் திணித்து, இழுத்தால் கழன்றுவிடுகிற ஊசி கோத்து மூடுவாள். மூடினதும் சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து. எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. அவளை விட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அறுபது வயதாகிறது, ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. "ஏன் மடிப்பக்கா, நீங்க மட்டும் குதிக்கவே மாட்டேங்கறீங்க?" என்று யாராவது சீண்டினால், "எனக்கு யாருடா மடிச்சுக் குடுப்பா?" என்பாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு பழக்கம் உண்டு. விமானம் ஏறுவதற்கு முன்னால் அவன் வந்து முதுகைக் காட்டி நிற்பான். "சரியா?" என்பான். அவள் ஊசியைப் பார்ப்பாள், மூடியை இழுத்துப் பார்ப்பாள், பையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "சரி, போ" என்பாள். அந்தச் சொல் காதில் விழாமல் அவன் விமானப் படியில் கால் வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் அவன் மனைவிக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் டீச்சர். "நாள் பூரா நான் பிரேக்கு, பிரேக்குன்னு கத்தறேன். எனக்கு வாய்ச்சவருக்குப் பிரேக்கே கிடையாது. இருக்கற ஒரே பிரேக்கும் எங்க அண்ணி கையில இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த டீச்சர் இப்போது வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். காலடிச் சத்தம் கேட்டோ என்னவோ, கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தான். மூன்று பேரும் குனிந்தார்கள்.

"அக்கா... பை இல்ல."

அக்கா காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"முதுகுல பை இல்ல. கீழ வந்துட்டேன். சரியா?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை. டீச்சர் பாத்திரத்தை வைத்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் இருவரையும் மெல்லக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"நான் நிறையப் பேரைப் பாத்திருக்கேம்மா. சில பேர் ஒரு வார்த்தைக்காகப் பிடிச்சிட்டு இருப்பாங்க. 'போகலாம்'னு வீட்டுல யாராவது சொன்னாப் போதும், நிம்மதியாப் போயிடுவாங்க. இவர் உங்களைத்தான் கேக்கறார். சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சொல்லிடுங்க அண்ணி," என்றாள் டீச்சர். "காலையிலேர்ந்து அந்தக் கை படற பாட்டை என்னால பாக்க முடியல. நான் சொன்னா அவர் கேக்க மாட்டாரு. உங்க வாயால வரணும். எனக்குத் தெரியாதா?"

"பையே இல்லாதவனுக்கு எப்படிம்மா நான் சரின்னு சொல்லுவேன்?"

சொன்ன பிறகு அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. சாகக் கிடக்கிறவனுக்கு என்ன பை, என்ன ஊசி? ஆனால் அந்த ஒரு சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்ல மறுத்திருக்கிறாள். பதினொரு வருஷமாக அது முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்ல முடிந்தால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்க மாட்டானா? அவன் கேட்காவிட்டாலும் அவள் மனசு கேட்குமே.

அதற்கும் ஒரு வருஷம் முன்னால் ஒரு நாள் வவ்வால் மடிப்புக் கூடத்துக்கு வந்தான். மேஜையில் கிடந்த அட்டை ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் ஒரு சீட்டை வழுக்கவிட்டான்.

"அக்கா, பாராசூட் இல்லாம இறங்கலாம்."

"இறங்கலாமே. எல்லாரும் ஒரே ஒரு தடவை இறங்கலாம்."

"விளையாடாத. இங்க பாரு. தட்டைத் தரையில இறங்கினா செத்தேன், ஒத்துக்கறேன். ஆனா மலைச் சரிவு இருக்குல்ல? நான் எந்தச் சாய்வுல வர்றேனோ அதே சாய்வுல தரையும் இறங்குது. மேல பனி வேற மெத்துனு கிடக்கு. தரையும் என் கூடவே இறங்கினா, நான் இறங்கறதே தரைக்குத் தெரியாது. ஓடற பஸ்ஸுல கூடவே ஓடி ஏறுவோம்ல, அந்த மாதிரி."

"நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்துல போற பஸ்ஸுல எவன்டா ஓடி ஏறுவான்?"

"பனிச்சறுக்குப் போட்டியில அந்த வேகத்துல போய் விழறாங்க, எழுந்திருக்கறாங்க."

"எழுந்திருக்காதவங்களும் இருக்காங்க."

ஒரு வருஷம் அதே பேச்சுதான். கடைசி நொடியில் உடம்பை எவ்வளவு நிமிர்த்தினால் இறக்கம் எவ்வளவு குறையும், சரிவு எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம், பனி எத்தனை முழம் என்று தாள் தாளாக எழுதினான். அவன் இல்லாதபோது அவளும் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். பல்செட் செய்கிறவன் போட்ட கணக்கு, மயிரிழை பிசகாது. கணக்கு பத்திரமாக இறங்கியது. ஆள் இறங்குவானா என்பது மட்டும் அந்தத் தாள்களில் எங்கேயும் இல்லை.

குறித்த நாளில் மைதானத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூடப் பறக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், வேலை இல்லாமல் வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். விமானம் உறுமிக்கொண்டு நின்றது. வவ்வால் இறக்கை உடையைப் போட்டுக்கொண்டு நேரே அவளிடம் வந்து முதுகைக் காட்டி நின்றான். முதுகில் பை இல்லை.

"சரியா, அக்கா?"

பார்க்க ஊசி இல்லை. இழுத்துப் பார்க்க மூடி இல்லை. தட்டுவதற்குத் தூக்கின கை, எங்கே தட்டுவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றது. உடைத் துணிக்கு மேலேயே முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள்.

"கணக்கெல்லாம் சரியா இருக்கு அக்கா."

"வேண்டாம்டா. உடையைக் கழட்டு."

அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை விரித்தான். "நான் ரெடிதான். அக்கா விட மாட்டேங்கறா," என்றான்.

கூட்டம் அவளைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசும். 'பூனை குறுக்க போயிடுச்சு' என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். பைலட் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. மடிப்பக்கா, மடிப்பக்கா என்று சுற்றி வந்தவர்கள் பையை மேஜையில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் போனார்கள். அதோடு விட்டதா? கொஞ்ச நாளில் வேறு எங்கோ ஒருவர், அட்டைப் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்து, பாராசூட் இல்லாமல் பறந்து வந்து அவற்றின் மேல் இறங்கி, முழுசாக எழுந்து நின்றுவிட்டார். அந்தப் படத்தை மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் எல்லாத் தலையும் மடிப்புக் கூடத்தின் பக்கம் திரும்பியது. வவ்வால் மட்டும், "பொட்டி நிறைய வேணும் போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

எட்டு மாதமாக அவன் கரைந்துகொண்டே வருவதைப் பார்க்கப் பார்க்க அவளை அரித்தது இதுதான். இப்படிப் படுக்கையில் உருகிச் சாகவா அன்றைக்குக் காப்பாற்றினேன்? ஆசைப்பட்ட ஒன்றையாவது செய்துவிட்டுப் போயிருப்பானே. அவன் உயிரைக் காத்தேனா, இல்லை கையில் இருந்ததைப் பிடுங்கினேனா? அவன் வாயால் அதற்கொரு பதில் கேட்காமல் அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் டீச்சர் குளிக்கப் போனாள். நர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அறையில் அக்காவும் தம்பியும் மட்டும். ஜன்னல் திறந்திருந்தது. திரை உள்பக்கமாக உப்பிக் கட்டில் வரைக்கும் வந்து, அவன் காலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி உப்பியது, மறுபடி வந்தது. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் கண் நாலு நாளாகத் தூங்காத கண். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அறை மெல்ல முன்னால் சாய்கிற மாதிரி இருந்தது. கட்டில், மருந்து மேஜை, தண்ணீர் தம்ளர், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே போயின. தம்ளரில் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. கீழே சதுரம் சதுரமாக வயல்கள். நடுவே ஒரு ரோடு, யாரோ தைத்துவிட்டு அறுக்க மறந்த நூல் மாதிரி கிடந்தது. பக்கத்தில் தம்பி கையை அகல விரித்துக்கொண்டு வந்தான். கன்னத்துச் சதை காற்றில் படபடத்தது. முன்னே இருந்த சதையெல்லாம் திரும்பி வந்திருந்தது. அவளுக்குப் பயமே இல்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் தரையில் நின்றுகொண்டு பயந்தோம் என்று நினைத்தாள். ஒரு மேகத்துக்குள் புகுந்தார்கள். உள்ளே எல்லாம் வெள்ளை. துவைத்த துணி வாசனை அடித்தது. "எவ்வளவு உயரம்டா இருக்கு?" என்று கேட்டாள். எதிரில் அவன் முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா."

விழித்துக்கொண்டாள். அவன் கண் திறந்திருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அந்தக் கண் ஆளை அடையாளம் கண்டு பார்த்தது.

"தண்ணி வேணுமாடா?" பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள்.

"அன்னைக்கு... வேண்டாம்னு சொன்னியே."

"அதை இப்ப எதுக்குடா கிளர்றே?"

"நீ சரின்னு சொல்லியிருந்தா... நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"என்ன பண்ணியிருப்பே? குதிச்சிருப்பே."

தலை இல்லை என்று அசைந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு பேசினான்.

"முந்தின நாளு பூரா வாந்தி. டீச்சருக்குக்கூடத் தெரியாது. கால் நடுங்கிட்டே இருந்துது. அந்த உடைக்குள்ள யாருக்கும் தெரியல. எல்லாரையும் கூப்பிட்டாச்சு. எப்படி முடியாதுன்னு சொல்றது? உன்கிட்ட வந்து முதுகைக் காட்டினா நீ வேண்டாம்பே. தெரியும். அதான் வந்தேன்."

அக்காவின் கையில் இருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் மடியை நனைத்தது.

"எல்லாரும் உன்னைத் திட்டினாங்க. நான் பாத்துட்டு சும்மா இருந்தேன். அப்பறம் சொல்லலாம், அப்பறம் சொல்லலாம்னு..."

"அடப்பாவி!"

சாகக் கிடக்கிறவனைத் திட்டக் கூடாதுதான். தன்னை அறியாமல் வந்துவிட்டது. வந்தது நிற்கவும் இல்லை. "பதினோரு வருஷம்டா! பதினோரு வருஷமா நான் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல, தெரியுமா? ஒருத்தன் ஆசையில மண்ணைப் போட்டுட்டோமேன்னு, உன் கணக்குத் தாளை வெச்சிட்டு நானும் உக்காந்து கணக்குப் போட்டேன். எனக்குக் கணக்கு வருமாடா? அந்தப் பைலட் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனானே, அப்ப வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்? பயந்தாங்கொள்ளிப் பயலே! பல்செட் செய்யறவனுக்கு வீரம் ஒரு கேடா?"

அவன் உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிக்கிறான். திட்டு வாங்கினதில் அவனுக்கு ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்தது. அவளுக்கோ கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எதையும் பிடுங்கவில்லை அவள். அவன் கேட்க வந்ததைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நிமிர்ந்தபோது அவன் கண் மறுபடியும் மூடியிருந்தது. கை போர்வைக்குள் கிளம்பி, இடுப்பைத் தாண்டிப் போனது.

"அக்கா... பை இல்ல. தரை வருது. சரியா?"

அழுகைச் சத்தம் கேட்டு டீச்சர் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். நர்ஸும் வந்து கதவருகே நின்றாள். "சொல்லுங்க அண்ணி," என்று டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சரின்னு சொல்லிடுங்க. பாவம், போகட்டும்."

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டைப் பார்த்தாள். போர்வைக்குள் இரண்டு பாதமும் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர்கிறதாக்கும் என்று நர்ஸ் காலையிலேயே இன்னொரு போர்வை போட்டிருந்தாள். இரண்டு போர்வைக்கு அடியிலும் நடுக்கம் நிற்கவில்லை. குளிராவது, ஒன்றாவது. அன்றைக்கு அந்த உடைக்குள் இருந்த அதே நடுக்கம் இது. போகலாமா என்று அவன் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

அவள் கையை அவன் முதுகுக்கு அடியில் நுழைத்தாள். எலும்பு உள்ளங்கையில் இடித்தது. உள்ளங்கையை நன்றாக விரித்து வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டா," என்றாள்.

"அண்ணி!" என்றாள் டீச்சர்.

"வேண்டாம். காத்து சரியில்ல. இன்னைக்கு யாரும் குதிக்க வேண்டாம். உடையைக் கழட்டிட்டுப் போய்ப் படு."

துழாவின கை நின்றது. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி அங்கேயே இருந்துவிட்டு, திரும்பி வந்து போர்வைக்கு வெளியே விழுந்தது. பாதம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. யாரோ எதிரில் நிற்கிறவர்களிடம் சொல்கிற மாதிரி அவன் முனகினான்.

"நான் ரெடிதான். அக்கா விட மாட்டேங்கறா."

"ஆமா. நான்தான் விடல. யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லு."

அவன் தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது. மூன்று நாளில் அப்படி ஒரு தூக்கம் இல்லை.

டீச்சர் அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். "ஏன் அண்ணி இப்படி? ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிடுமா? அன்னைக்கும் அவர் ஆசைக்குக் குறுக்க நின்னீங்க. சாகும்போதுமா? பயம்னா என்னன்னே தெரியாத மனுஷனை இப்படிக் கட்டிப் போடறீங்களே!"

பதில் அக்காவின் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவள் மேல் இருக்கிற பழியெல்லாம் இந்த நிமிஷமே கழுவிப் போய்விடும். டீச்சரைப் பார்த்தாள். ஈரத் தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்து தோளை நனைத்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் பயப்படுகிற ஒவ்வொரு மாணவரிடமும், 'எங்க வீட்டுக்காரரைப் பாருங்க' என்று சொல்லிச் சொல்லியே பாடம் நடத்தினவள் அவள்.

"என் புத்தி அப்படிம்மா. என்ன செய்ய?" என்றாள் அக்கா.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் போனான். விழிக்கவே இல்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. பிறகு ஓர் இடைவெளி நீண்டது, நீண்டுகொண்டே இருந்தது. திரை உப்பி வந்து அவன் காலைத் தொட்டது. நர்ஸ் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். டீச்சர் அவன் நெஞ்சில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"நீங்க வேண்டாம்னு சொல்லியும் போயிட்டாரு, பாத்தீங்களா அண்ணி?" என்றாள். அழுகைக்கு நடுவிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "முதல் தடவையா உங்க பேச்சை மீறிட்டாரு."

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "துணிச்சல்காரன்."

மறுநாள் காலையில் மைதானத்து ஆட்கள் நாலு பேர் தூக்க வந்தார்கள். முன்பக்கம் பைலட். தலை நரைத்து, அவனுக்கும் வயதாகிவிட்டது. மூன்றாவது மாடி வீடு. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. படி வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாயிற்று.

நாலு பேரும் காலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார்கள். அவர்கள் நினைத்த கனம் அதில் இல்லை. ஸ்ட்ரெச்சர் சட்டென்று தோளுக்கு மேலே எழும்பிவிட்டது. "மெதுவா, மெதுவா" என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு இறக்கிப் பிடித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

படிக்கட்டு குறுகல். பைலட் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததை விட்டுக் கண்ணை எடுக்க அவனுக்குப் பயம். அக்கா அவனுக்கு முன்னால் போய், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். திருப்பம் வரும்போது திருப்பம் என்றாள். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"மடிப்பக்கா, இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று பைலட் கேட்டான். மூச்சு வாங்கியது.

"இருக்கு, இருக்கு. அவசரப்படாத. நான் சொல்றேன்."

கடைசித் திருப்பமும் முடிந்தது. கீழே திறந்திருந்த வாசல் வழியாக வெளிச்சம் படியேறி வந்திருந்தது.

"இன்னும் நாலு," என்றாள். "மூணு. ரெண்டு. ஒண்ணு... அவ்வளவுதான், தரை."

பைலட் ஒரு காலை மட்டும் நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் மற்றக் காலை எடுத்து வைத்தான்.